சாம்பிராணி ஏற்றாத வீடு

"யக்கா, இன்னிக்கு ஒரு நாளாவது அந்தக் குருவிய எங்கனா தூக்கி வையேன்! மாமியாருக்குப் படைக்கிற நாள்ல கூட சாம்பிராணி போடக் கூடாதுன்னா இன்னா அர்த்தம்?"

கையில் தூபக்காலோடு மாடிப்படியில் இறங்கி வரும்போதே சுஜாதா ஆரம்பித்துவிட்டாள். தெய்வநாயகி வடைக்கு அரைத்த மாவை வழித்துக்கொண்டே, கூடத்து ஜன்னலோரம் இருந்த கூண்டைத் திரும்பிப் பார்த்தாள். சாம்பல் உடம்பும் மஞ்சள் கொண்டையும் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டுமாக, ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடிக்கொண்டிருந்தது புஜ்ஜி. காக்டெயில் என்று கடையில் சொல்வார்கள். கிளி ஜாதிதான். வீட்டில் எல்லாருக்கும் அது வெறும் குருவி.

"வட மட்டும் போட்டுட்டு மாடிக்குக் கொண்டுபோயிடறேன் சுஜாதா..."

அதற்குள் குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. ஈர வேட்டியோடு வெளியே வந்தார் வாசுதேவன்.

"இன்னாடி, இன்னும் அது இங்கயே கீது? நேத்தே சொன்னேனா இல்லியா?"

"இதோங்க... ரெண்டு நிமிஷம்..."

அந்த இரண்டு நிமிஷம் அவருக்குப் பொறுக்கவில்லை. மேஜைமேல் இருந்த காப்பி டம்ளரை எடுத்து வீசினார். கூண்டுக் கம்பியில் பட்டுத் தெறித்தது. சுடு காப்பி தெய்வநாயகியின் கழுத்திலும் தோளிலும் சிதறியது. புஜ்ஜி அலறிக்கொண்டு கூண்டுக்குள் மோதி மோதி விழுந்தது. அவள் தன் கழுத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. ஓடிப்போய்க் கூண்டைத்தான் கட்டிக்கொண்டாள்.

"பாத்தியா சுஜாதா! புருசன் கத்தினு கீறான், இவளுக்கு அந்த சனியந்தான் ஒசத்தி!"

சுஜாதா தரையைப் பார்த்தாள். வாசுதேவன் கத்தும்போது அவள் எப்போதும் தரையைத்தான் பார்ப்பாள்.

கூடுவாஞ்சேரியில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த அந்த வீட்டில், கீழே வாசுதேவன் குடும்பம். மேலே தம்பி கேசவனும் அவன் மனைவி சுஜாதாவும். வாசுதேவனுக்கு மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. தெருவில் அவரைப்போல் மரியாதையான மனிதர் இல்லை என்பார்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறும்போது எல்லாருக்கும் சிரித்து வணக்கம் சொல்வார். பெற்ற பிள்ளையே அவருக்குச் சரியில்லை, பாவம் என்பார்கள். ஊர் சுற்றியதைக் கண்டித்த அப்பனின் பல்லை உடைத்துவிட்டு ஓடிப்போனவன் கார்த்தி. மூன்று வருஷமாக ஊருக்குத் தெரிந்த கதை அதுதான்.

அந்தக் கதையை தெய்வநாயகி ஒரு நாளும் மறுத்ததில்லை.

கார்த்தி போன அன்று, போட்டிருந்த சட்டையோடு போனான். வாசலில் நின்று அவன் சொன்னது ஒன்றே ஒன்று. "ம்மா... புஜ்ஜிய பாத்துக்கோ." கண் திறக்காத குஞ்சாகக் கொண்டுவந்து, சிரிஞ்சில் கஞ்சி ஊட்டி அவன் வளர்த்த பறவை. அதற்கு முன்னால் வளர்த்ததைச் சுழல்கிற ஃபேனுக்குப் பறிகொடுத்தவன் என்பதால், ஒவ்வொன்றையும் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். பறவைக்கு நுரையீரல் பஞ்சு மாதிரி. புகை பட்டால் போய்விடும். அதிலிருந்து அந்த வீட்டில் ஊதுவத்தி இல்லை, கொசுவத்தி இல்லை, சாமிக்குக் கற்பூரமும் இல்லை. நான்ஸ்டிக் கல் சூடேறினால் வருகிற ஆவி அதைக் கொன்றுவிடும் என்று அவன் சொன்னதால், அண்ணன் ஆசையாக வாங்கித் தந்த தோசைக்கல்லை வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டாள். அண்ணிக்கு அது இன்றுவரை ஆறவில்லை. புஜ்ஜியைத் தினம் நாலு மணிநேரம் வெளியே விடவேண்டும். அந்த நேரமெல்லாம் ஃபேன் கிடையாது. சித்திரை வெயிலில் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொள்ள, தோளில் பறவையை வைத்துக்கொண்டு கீரை ஆய்வாள். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு உத்திரமேரூர் போனவள், தாலி கட்டியதும் சாப்பிடாமல்கூடத் திரும்பிவிட்டாள். அன்றோடு அண்ணன் பேச்சையே நிறுத்திவிட்டார். இறகிலிருந்து உதிரும் வெள்ளைத் தூள் ஒத்துக்கொள்ளாமல் இருமல் வேறு.

"பைத்தியம்," என்றார்கள் சொந்தக்காரர்கள்.

தினம் மத்தியானம் கார்த்தி வீடியோ காலில் வருவான். மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் எலக்ட்ரீஷியன். "புஜ்ஜி எப்டிம்மா கீது? காட்டு," என்பான். போனைக் கூண்டின் பக்கம் திருப்புவாள். அவன் சீட்டியடிப்பான், அது பதிலுக்கு அடிக்கும். அம்மாவைப் பற்றி அவன் அதிகம் கேட்பதில்லை. அவளும் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிஷத்துக்காகத்தான் அவள் மீதி நாள் முழுவதையும் தாங்கிக்கொண்டிருந்தாள்.

வடையைப் போட்டு முடித்து, கூண்டை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போனாள். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் வைத்து, ஈரத்துணியை ஒரு பக்கம் போர்த்தினாள். "கொஞ்ச நேரம்டா கண்ணு... புகை அடங்கட்டும்..." காப்பி பட்ட கழுத்து எரிந்தது.

கீழே படையல் நடந்தது. மாமியார் படத்துக்கு மாலை, தலைவாழை இலை, கூடம் முழுக்க சாம்பிராணிப் புகை. மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த வாசனை. வந்திருந்த சொந்தக்காரர்கள், "இப்பத்தான் இது வூடு மாதிரி கீது," என்றார்கள். தெய்வநாயகி கைகூப்பி நின்றாள்.

அப்போதுதான், டிவி பக்கத்தில் சார்ஜில் போட்டிருந்த அவள் போன் ஒலித்தது. கேசவன் எட்டிப் பார்த்தான். முகம் மாறியது.

"ண்ணா... கார்த்தி மெசேஜ் பண்ணிகிறான்."

"படி," என்றார் வாசுதேவன்.

"'ம்மா, எட்டாம் தேதி திவ்யாவுக்கும் எனக்கும் ரிஜிஸ்டர் கல்யாணம். அவருக்குத் தெரிய வேணாம். மூணு வருஷத்துல நீ ஒரு தபா கூட என்னப் பாக்க வரல. இதுக்காச்சும் வா...'"

வாசுதேவன் கற்பூரத் தட்டை மெல்லக் கீழே வைத்தார். அந்த நிதானம் எதில் போய் முடியும் என்று தெய்வநாயகிக்குத் தெரியும்.

"தினம் பேசினு கீறியா அவன்கிட்ட?"

"புஜ்ஜியப் பாக்கத்தாங்க... வேற ஒண்ணும்..."

முதல் அறை காதோடு விழுந்தது. இரண்டாவதில் சுவரில் போய் மோதினாள். "எங்கம்மாவுக்குப் படைக்கிற நாள்ல... எனக்குத் தெரியாம என் வூட்லயே... என் பல்ல ஒடச்சவனோட...!" ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அடி. யாரோ ஒரு பெரியவர், "வுடுப்பா வாசு, நல்ல நாளும் அதுவுமா," என்றார். அதற்கு மேல் யாரும் எழவில்லை.

திடீரென்று அவர் நிறுத்தினார். "குருவியப் பாக்கத்தான? இரு. இனிமே எதப் பாக்குறான்னு நானும் பாக்கறேன்."

கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த இரும்பு ராடை எடுத்துக்கொண்டு மாடியேறினார்.

"வேணாங்க! என்ன அடிங்க... அத வுட்டுடுங்க!"

உதட்டில் ரத்தம் வழிய அவள் பின்னால் ஓடினாள். மொட்டைமாடியில் அவர் ராடை ஓங்கியபோது, அவள் கூண்டின்மேல் குப்புற விழுந்தாள். அடி அவள் இடது முழங்கைக்குக் கீழே இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் படியில் ஏறி வந்துகொண்டிருந்தவர்களுக்கே கேட்டது. அப்படியும் அவள் கூண்டை விடவில்லை. இன்னோர் அடி தோளில். வலது கையால் கம்பியைப் பற்றிக்கொண்டு, "ஐயோ, அது இன்னா பண்ணுச்சு... வாயில்லாத ஜீவங்க..." என்று கதறினாள்.

அவர் அவள் கூந்தலைப் பிடித்துத் தூக்கி எறிந்தார். கூண்டை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினார். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் வீசினார்.

இரண்டு மாடி உயரம். தெருவில் சிமெண்ட் தளத்தில் அது விழுந்தது. அதன் பிறகு ஒரு சீட்டிகூட இல்லை.

தெய்வநாயகி கத்தவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, குரல் வரவில்லை. வாசுதேவனுக்கு அந்த மௌனம் இன்னும் ஆத்திரமூட்டியது. கீழே கிடந்த ராடை மறுபடி எடுத்தார்.

"போதும்!"

ராடின் மறுமுனையைப் பிடித்திருந்தது சுஜாதா. அவர் இழுத்தும் பிடியை விடவில்லை.

"ஏய், அண்ணன்கிட்டயே கை நீட்டறியா?" என்று பாய்ந்தான் கேசவன்.

"நீ சும்மாரு! உனக்கு ஒண்ணும் தெரியாது... எனக்குத் தெரியும்!" சுஜாதா வீறிட்டாள். "மூணு வருசத்துக்கு முன்னாடி நான் பாத்தேன். சமையல்கட்டுல அக்கா முடியப் பிடிச்சு இந்த மனுசன் சிங்க்ல மோதினு இருந்தாரு. ரத்தம்... சிங்க்கெல்லாம் ரத்தம்! கார்த்தி ஓடியாந்து இவரப் பிடிச்சுத் தள்ளினான். அதுல விழுந்து ஒடஞ்ச பல்லுதான் அது. அம்மாவக் காப்பாத்துன புள்ள அவன்! ஊர் சுத்தினான்னு கத கட்டினாரே... நானும் கேட்டுனு இருந்தேன். மாடி போர்ஷன வுட்டுத் தொரத்திடுவாரோன்னு வாய மூடினு இருந்தேன்!"

சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேசவன் அண்ணனைப் பார்த்தான். "இன்னா ண்ணா... நெசமா?" அண்ணனின் கையிலிருந்து ராடு நழுவி விழுந்தது.

சுஜாதா தெய்வநாயகியின் காலடியில் மண்டியிட்டாள். "யக்கா... என்ன மன்னிச்சுடுக்கா... தினம் உன்னப் பைத்தியம்னு பேசினேனே... பாவி நான்..."

"எறங்கிப் போய் அத எடு சுஜாதா," என்றாள் தெய்வநாயகி, மிக மெல்லிய குரலில். "நாய் கவ்விடும்."

எதிர்வீட்டு ஆட்டோக்காரர் ஜான்சன்தான் அவளைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனார். ஜி.எஸ்.டி. ரோடு முழுக்க சுஜாதா அவளைத் தன்மேல் சாய்த்துப் பிடித்திருந்தாள். எக்ஸ்ரே எடுத்த பிறகு பெண் டாக்டர் கேட்டார்: "எப்படிம்மா அடிபட்டுச்சு?"

பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. இருபத்தாறு வருஷத்தில் எத்தனை டாக்டர்களிடம் சொன்ன வாக்கியம்! தெய்வநாயகி ஒரு மூச்சு இழுத்தாள்.

"என் வூட்டுக்காரரு அடிச்சாருமா. இரும்பு ராடால. எழுதிக்கோங்க."

சுஜாதா போனில் சொல்ல, சாயங்காலம் கார்த்தி வந்தான். வார்டு வாசலில் நின்றவன் கட்டிலைத் தேடினான். வீங்கிய முகத்தில் அம்மாவை அடையாளம் கண்டுகொள்ள அவனுக்கு நேரம் பிடித்தது. கண்டதும் ஓடி வந்தான். தெய்வநாயகி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"கார்த்தி... நீ குடுத்தத என்னால காப்பாத்த முடியலடா... புஜ்ஜி போயிடுச்சுடா..."

"ம்மா! இன்னாம்மா பேசற? உன் கை ஒடஞ்சு கெடக்குது!"

"நீ ஒண்ணே ஒண்ணுதான கேட்ட... அத..."

அவன் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டான். பிறகு மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்தது வெடித்தது.

"நீ ஏம்மா ஒரு தபா கூட வரல? ரூம் பாத்துட்டேன், புஜ்ஜிய எடுத்துனு வான்னு எத்தினி தபா கூப்ட்டேன்! பஸ்ஸு சத்தத்துல பயந்துடும், வெயில் தாங்காதுன்னு ஏதாச்சும் சொல்லினே இருந்த. நான் இன்னா நெனச்சேன் தெரியுமா? அவர் பக்கமே நின்னுட்ட, நான் கை வச்சத நீ மன்னிக்கலன்னு நெனச்சேன்!"

"இல்லடா... இல்லடா ராஜா..." அவள் இந்தப் பக்கம் திரும்பினாள். கண்ணீர் காதுக்குள் வழிந்தது. "அத உங்கிட்டக் குடுத்துட்டா... அப்புறம் நீ போன் பண்ணவே மாட்டியோன்னு பயந்துட்டேன்டா. அதப் பாக்கத்தான நீ தினம் வர்ற... அது இருந்தாத்தான உன் மொகத்த நான் பாக்க முடியும்..."

கார்த்தி அவளையே பார்த்தான்.

"ஐயோ அம்மா! நான் புஜ்ஜியக் கேட்டதே உன்ன வரவைக்கத்தாம்மா! 'நீ வந்துடு'ன்னு கேக்க எனக்கு வாய் வரல... நீ வரமாட்டேன்னு சொல்லிட்டா இன்னா பண்றதுன்னு... அதனாலதான் அதக் கேட்டேன்!"

முறிந்த கை, தையல் போட்ட உதடு எதையும் அவள் பொருட்படுத்தவில்லை. ஒற்றைக் கையால் அவன் தலையை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அந்த வார்டே பார்க்க, தாயும் பிள்ளையும் வாய்விட்டு அழுதார்கள். கால்மாட்டில் சோற்றுக் கேரியரோடு நின்றிருந்த சுஜாதாவும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு விசும்பினாள்.

மூன்றாம் நாள் காலை வாசுதேவன் வந்தார். இரண்டு நாளாகப் போலீஸ் கண்ணில் படாமல் கம்பெனி நண்பர் வீட்டில் இருந்தவர். தாடி முளைத்திருந்தது. பின்னால் தலைகுனிந்தபடி கேசவன். கட்டிலருகே வந்ததும் வாசுதேவன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாயகி... கோவத்துல கை நீண்டுடுச்சு. எனக்கு பிபி கீதுன்னு உனக்குத் தெரியாதா? வக்கீல் சொன்னாரு, நீ ஒரு வார்த்த மாத்திச் சொன்னா போதுமாம். கம்பெனில தெரிஞ்சா என் மானமே போயிடும்..."

அவள் கட்டுப் போட்ட கைமேல் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவர் தொடர்ந்தார்.

"அந்த சனியனும் ஒழிஞ்சுது. எல்லாச் சண்டையும் அதாலதான. இனிமே நாம நிம்மதியா இருக்கலாம். கெளம்பு, வூட்டுக்குப் போலாம்."

தெய்வநாயகி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். கார்த்தி தாங்கப் போனான். வேண்டாம் என்று கையசைத்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லுங்க. அந்தக் குருவி எவ்ளோ வெயிட் இருக்கும் தெரியுமா? நூறு கிராம் கூட இல்ல. அது மூச்சு வுடணும்னு நான் தோசக்கல்ல மாத்தினேன், சாமி கும்புடறத மாத்தினேன். அது தூங்கணும்னு டிவி சத்தத்தக் கொறச்சேன். அது பயப்படும்னு இந்த மூணு வருசம் ஒரு கலர் பொடவ கட்டல. நல்லது கெட்டதுக்குப் போகல. என் கூடப் பொறந்தவன் என்னோட பேசறதில்ல. எதுக்கு? ஒரு உசுர வூட்ல வச்சா, அதுக்கு ஏத்த மாதிரி நாமதான நடந்துக்கணும்?"

கட்டில் விளிம்பைப் பற்றிக்கொண்டு தொடர்ந்தாள்.

"இருவத்தாறு வருசம் உங்க வூட்ல இருந்தேனே... எனக்காக நீங்க ஒரே ஒண்ணு மாத்திருக்கலாம். உங்க கைய. அதக் கூட மாத்தலியே! நான் ஒரு வார்த்தையும் மாத்தமாட்டேன். அந்த வூட்டுக்கும் வரமாட்டேன்."

"இன்னாடி சொன்ன?" கண்ணீர் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. ஆஸ்பத்திரி என்பதையும் மறந்து அவர் கை மேலே போனது.

கார்த்தி பாய்ந்து எழுந்தான். "கார்த்தி, நீ உக்காரு!" என்றாள் தெய்வநாயகி. கட்டிலிலிருந்து இறங்கி, கட்டுப் போட்ட கையோடு கணவனுக்கு நேர் எதிரே நின்றாள்.

"அடிங்க. இத்தினி நாளு கதவச் சாத்திட்டு அடிச்சீங்களே... இன்னிக்கு இத்தினி பேர் பாக்கறாங்க. அடிங்க!"

நாற்பது கட்டில்களிலிருந்தும் கண்கள் அவரைப் பார்த்தன. நர்ஸ் யாரையோ கூப்பிட்டபடி வெளியே ஓடினாள். ஓங்கிய கை எங்கே போவதென்று தெரியாமல் காற்றில் நின்றது. பிறகு தானாகத் தொங்கியது. ஆஸ்பத்திரி அவுட்போஸ்ட் போலீஸ்காரர் வந்து தோளில் கை வைத்தபோது, வாசுதேவன் திரும்பித் தம்பியைப் பார்த்தார்.

"டேய் கேசவா... சொல்றா..."

கேசவன் அசையவில்லை. அண்ணனை அழைத்துக்கொண்டு போன பிறகு கார்த்தியின் முன்னால் வந்து நின்றான். "ஊரெல்லாம் உன்னத் தப்பா பேசினேன்டா. பத்து பேர்கிட்டப் பேசினேன்னா அந்தப் பத்து பேர்கிட்டயும் போய் நெசத்தச் சொல்றேன். இது சத்தியம்." அண்ணியின் முகத்தைப் பார்க்க அவனால் முடியவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே போனான்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று சுஜாதா ஒரு பையில் அவளுடைய நாலு புடவைகளை எடுத்து வந்தாள். "புஜ்ஜிய முருங்கமரத்தடில பொதச்சு மஞ்சத்தண்ணி ஊத்திட்டேன்க்கா," என்றாள். "நான் வேணும்னா உங்கூட வந்து ரெண்டு நாள் இருக்கட்டா? ஒரு கையால இன்னா பண்ணுவ?"

"எட்டாம் தேதி கல்யாணத்துக்கு முன்னாடியே வந்துடு. சித்தி மொற செய்ய நீதான் கீற." தெய்வநாயகி அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கார்த்தியின் வீடு ஒரே அறை. பின்பக்கம் சவுக்குத் தோப்பு, அதற்கப்பால் கடல். அவர்களுக்காகச் சமைத்து வைத்துக் காத்திருந்த திவ்யா தயங்கித் தயங்கி வந்து காலில் விழுந்தாள். ரசமும் சாதமும் பிசைந்து ஊட்டிவிட்டாள். இரண்டு வாய்க்கு மேல் முடியாமல் தெய்வநாயகி பாயில் சாய்ந்தாள். கடல் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இது என்ன இரைச்சல் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே தூங்கிப்போனாள்.

வருஷக்கணக்காக ஐந்தரைக்கு எழுந்து பழகியவள் அன்று எழவில்லை. ஏழு ஆயிற்று, எட்டு ஆயிற்று. கார்த்தி வேலைக்குப் போகாமல், சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே படியில் உட்கார்ந்திருந்தான். தலையில் கூடையோடு ஒரு மீன்காரம்மா, "வஞ்சிரமே... சங்கராவே..." என்று முழுத்தொண்டையில் கூவிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தாள். அவன் எழுந்து ஓடி, இரண்டு கையையும் நீட்டி அவளைத் தடுத்தான்.

"யக்கா, யக்கா... மெதுவா! எங்கம்மா தூங்கினு கீறாங்க."